அரை மில்லி

பீல் நகரில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர்:
தெருவுக்கு, ரயில் நிலையத்துக்கு,
எங்கள் மருத்துவமனையின் கழிப்பறைக்கும்கூட.
வெரேனா ஷ்டுக்கிக்கு ஒன்றுதான்.
மணிக்கட்டுப் பட்டையில் சரிபார்த்தேன்,
உடையாத கையில்.

அறுபத்தொரு வயது. தபால்காரி.
பனியில் சறுக்கியபோதும்
பையை விடவில்லையாம்.
அதனால்தான் உடைந்தது என்றாள்
கொஞ்சம் பெருமையாகவே.

கழுத்தெலும்புக்கு மேலே குளிர்ந்த பசை.
திரையில் சாம்பல் தூறல்.
துடிக்கும் கருவட்டம் தமனி,
அதன் தோளில் ஒண்டிக்கொண்டு நரம்புகள்.
திராட்சைக் கொத்து என்கிறது பாடநூல்.
எனக்கென்னவோ தவளை முட்டைகள்.

ரோபிவகைன் இருபது மில்லி
சிரிஞ்சில் தயார்.
கணக்குப் போட்டேன்.
இப்போது மதியம் இரண்டு.
மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.
நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு
மரத்த கை விழிக்கும்.
நான்காம் மாடி. தனியாள். லிஃப்ட் இல்லை.

அரை மில்லி பியூப்ரினார்பின் சேர்த்தால்
விடியும்வரை இழுத்துப் பிடிக்கலாம்.
அபினிக்குத் தூரத்து உறவு அது.
குருமாவில் நாம் அரைத்து ஊற்றும் கசகசா
அந்தக் குடும்பத்தின் சாதுவான பிள்ளை.

"நரம்பிலா அது வேலை செய்கிறது?
ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகிறது.
தொடையில் குத்தினாலும் இதேதான்"
என்பார் டாக்டர் வுயெமியே.
அவரிடம் நாலு கட்டுரை உண்டு.
என்னிடம் ஐந்து.
மதிய உணவில் அடிக்கடி சூப் ஆறிப்போகும்.

"கூட ஒரு சின்ன மருந்து,
ராத்திரிக்கு நல்லது" என்றேன்.
ஊசி உள்ளே போனபிறகு சொன்னேன்.
கண்ணை மூடித் திறந்தாள்.
சரி என்று எடுத்துக்கொண்டேன்.
கழுத்தில் ஊசி இருக்கையில்
வேறென்ன சொல்ல முடியும் ஒருத்தியால்?

இருபது நிமிடம்.
இடது கையால் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள்.
தொப்பென்று நெஞ்சில் விழுந்தது.
"யாருக்கோ வந்த பார்சல்" என்று சிரித்தாள்,
"விலாசம் தப்பி என் மேல் கிடக்கிறது."

மறுநாள் எட்டு மணிக்குத் தொலைபேசினேன்.
வலி?
"ஆறரைக்குத்தான் வந்தது, முதல் பஸ்ஸோடு."
மேசைக்கு அப்பால் இருந்த வுயெமியேவை
ஒரு பார்வை பார்த்தேன்.

"ஆனால், டாக்டர்..."

நாலு முறை வாந்தி.
மூக்கு அரித்து அரித்துத் தோல் உரிந்துவிட்டது.
வாளியை முழங்கால்களுக்கு இடையில் பிடித்திருக்கிறாள்.
மூன்றாம் முறை குனிந்தபோது
தூளி அவிழ்ந்து
அந்தச் செத்த கை
வாளிக்குள் விழுந்துவிட்டது.
எடுத்துக் கழுவினாளாம், கட்டு நனையாமல்,
அடுத்தவர் குழந்தையைக் கழுவுவதுபோல.

சொல்லும்போது சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.

"வலி எனக்குப் பழக்கம்.
முதுகோடு முப்பது வருஷம் படியேறியிருக்கிறேன்.
மாத்திரையைப் போட்டுக்கொண்டு
ரேடியோ கேட்டபடி உட்கார்ந்திருப்பேன்.
வாந்திதான் எனக்கு ஆகாது.
கப்பல் பக்கமே போகமாட்டேன்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே."

நான் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கையெழுத்து வாங்காமல் பதிவுத் தபாலைக் கொடுத்தால்
எங்களுக்கு வேலை போய்விடும், தெரியுமா?"

தாளை எடுத்துப் பார்த்தேன்.
'துணைமருந்து' என்ற கட்டம்
சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.
0.15 என்று என் கையெழுத்தில்,
அழகாகத்தான் எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை ஒரு பூச்சுவேலைக்காரன்,
முழங்கை, இருபத்தாறு வயது.
பசையைத் திறக்கவில்லை.
சிரிஞ்சைத் துணிக்கடியில் வைத்துவிட்டு
முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.
அரை மில்லி பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும் என்றேன்.
அரை மில்லி என்றால் எவ்வளவு என்றான்.
காலி சிரிஞ்சில் கோட்டைக் காட்டினேன்.
இவ்வளவுதானா என்றான்.
இவ்வளவுதான்.

யோசிக்கிறான்.
கதவில் வுயெமியே
கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார்.
நிற்கட்டும்,
இந்த ஊரில் கடிகாரத்துக்கா பஞ்சம்.